வாளுக்கு வசப்பட்ட நாடும் வசப்படாத மொழியும்

இங்கிலாந்துப் பாடசாலைகளில் வரலாறு பயிலும் நம் மாணவர்களுக்கு 1066 என்னும் ஆண்டு மனப்பாடமானது. நோர்மண்டிக் கோமகன் வில்லியம் கால்வாயைக் கடந்து வந்து, ஹேஸ்டிங்ஸ் போர்க்களத்தில் வென்று, இந்நாட்டின் முடியைச் சூடிய ஆண்டு அது. வெற்றி வேந்தன் வில்லியம் என வரலாறு அவனை அழைக்கின்றது. அவனது வாழ்வு ஒரு போர்வீரனின் வாழ்வு என்பதில் ஐயமில்லை. ஆயினும், மொழியைப் பற்றிச் சிந்திப்போருக்கு அவ்வாழ்வும், அதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவையும் வேறொரு பாடத்தைப் புகட்டுகின்றன. மண், சட்டம், திருச்சபை, அரண்மனை ஆகிய யாவற்றையும் தன் கைக்குள் கொண்டுவந்த ஓர் இனம் தன் மொழியை மட்டும் காக்க இயலாமல் இழந்தது. அவ்விழப்பு அதற்கு இருமுறை நேர்ந்தது. அக்கதையை வில்லியத்தின் வரலாற்றினூடாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வடவர் வழித்தோன்றல்

நோர்மானியர் என்னும் பெயருக்கு வடவர் என்பது பொருள். டென்மார்க், நோர்வே முதலிய தேசங்களிலிருந்து நீண்ட மரக்கலங்களில் வந்து ஐரோப்பியக் கரையோரங்களைச் சூறையாடிய கடலோடிகளே இவர்தம் மூதாதையர். அவர்களுள் ரொல்லோ என்னும் தலைவனோடு போரிட்டுச் சலித்த பிரெஞ்சு மன்னன் மூன்றாம் சார்ள்ஸ், 911ஆம் ஆண்டில் சேன் ஆற்றின் கீழ்ப்பகுதி நிலத்தை அவனுக்கு வழங்கிச் சமாதானம் செய்துகொண்டான். அந்நிலமே பின்னர் நோர்மண்டி எனப் பெயர் பெற்றது. வந்தவர்களுட் பலர் அங்கிருந்த பெண்களை மணந்தனர். கிறித்தவ சமயத்தைத் தழுவினர். அவர்களுடைய பிள்ளைகள் தாயாரும் அயலாரும் பேசிய பிரெஞ்சு மொழியைப் பேசி வளர்ந்தனர்.

ரொல்லோவின் மகன் நீள்வாள் வில்லியம் எனப்பட்டவன். தன் மகன் ரிச்சர்ட் மூதாதையரின் மொழியைச் செவ்வனே அறிதல் வேண்டுமென அவன் விரும்பினான். ஆனால், தலைநகராகிய ருவானில் அக்காலத்திலேயே பிரெஞ்சு மொழி மேலோங்கிவிட்டது. ஆகவே, வடவர் மொழி இன்னும் வழங்கிய பேயோ என்னும் ஊருக்குச் சிறுவனை அனுப்பிக் கற்பித்தான் எனத் தூதோ என்னும் பழைய வரலாற்றாசிரியர் எழுதி வைத்துள்ளார். பாட்டன் பேசிய மொழியைப் பேரன் வேறோர் ஊருக்குச் சென்று கற்கவேண்டிய நிலை அத்துணை விரைவில் வந்துவிட்டது. அந்த ரிச்சர்ட்டின் கொள்ளுப் பேரனே நம் கதைத் தலைவன் வில்லியம். அவன் பிறந்த காலத்தில் வடவர் மொழி நோர்மண்டியின் ஊர்ப்பெயர்களிலும் சில கடற்றொழிற் சொற்களிலும் மாத்திரமே எஞ்சியிருந்தது.

இளமையிற் பட்ட இடர்கள்

வில்லியம் 1027 அல்லது 1028ஆம் ஆண்டில் பலேஸ் என்னும் ஊரிற் பிறந்தான். தந்தை கோமகன் ரொபேர்ட். தாய் ஏர்லேவா எளிய குடியிற் பிறந்தவள். தோல் பதனிடுவோன் ஒருவனின் மகள் என்பது மரபுவழிச் செய்தி. ரொபேர்ட் அவளை முறைப்படி மணந்துகொள்ளவில்லை. அதனால் எழுந்த இழிசொல் வில்லியத்தை நெடுங்காலம் தொடர்ந்தது. 1035ஆம் ஆண்டில் எருசலேம் யாத்திரை சென்று திரும்பும் வழியில் ரொபேர்ட் இறந்தான். ஏழெட்டு வயதுப் பாலகன் நாட்டுக்குத் தலைவனானான்.

அவனைக் காக்க நியமிக்கப்பட்டவர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்பட்டனர். ஒருவன் சிறுவனின் படுக்கையறையிலேயே வெட்டுண்டு மாண்டான். இரவில் ஒரு வீடு, பகலில் ஒரு வீடு என ஒளிந்து வாழ்ந்த சிறுவன் அச்சத்தையும் அடக்கத்தையும், எவரையும் எளிதில் நம்பாத இயல்பையும் கற்றுக்கொண்டான். 1047ஆம் ஆண்டில் பிரெஞ்சு மன்னனின் துணையோடு வல்-எஸ்-டூன் களத்தில் கலகக்காரப் பிரபுக்களை வென்றபோது அவனுக்கு வயது இருபதளவில் இருக்கும். பின்னர் பிளாண்டர்ஸ் நாட்டுக் கோமகள் மற்றில்டாவை மணந்தான். திருச்சபையின் மறுப்பையும் மீறி நிகழ்ந்த அம்மணத்துக்குக் கழுவாயாக இருவரும் கான் நகரில் இரண்டு துறவி மடங்களைக் கட்டினர் என்பர்.

முடியும் போரும்

இங்கிலாந்தை அக்காலத்தில் ஆண்ட எட்வேர்ட் மன்னனின் தாய் எம்மா நோர்மானியப் பெண். வில்லியத்தின் பாட்டனாருக்கு உடன்பிறந்தவள். டேனியர் படையெடுப்பால் நாட்டைவிட்டுத் தப்பிய எட்வேர்ட், தன் வாழ்நாளில் ஏறத்தாழ 25 ஆண்டுகளை நோர்மண்டியிற் கழித்திருந்தான். அவனுக்குப் பிள்ளைகள் இல்லை. தனக்குப்பின் வில்லியமே அரசனாக வேண்டுமென அவன் வாக்களித்ததாக நோர்மானியர் கூறினர். ஆனால் 1066 சனவரி 5ஆம் நாள் எட்வேர்ட் இறந்ததும், மறுநாளே ஹரல்ட் என்னும் ஆங்கிலப் பிரபு முடிசூடினான்.

அவ்வாண்டு ஹரல்ட்டுக்கு இருமுனைப் போர் வாய்த்தது. வடக்கே படையெடுத்து வந்த நோர்வே மன்னனைச் செப்டெம்பர் 25ஆம் நாள் ஸ்டம்போர்ட் பாலத்தருகே வென்றான். மூன்று நாட்களின் பின் வில்லியம் தெற்கே பெவென்சிக் கரையில் இறங்கினான். களைத்த படையோடு விரைந்து வந்த ஹரல்ட், ஒக்ரோபர் 14ஆம் நாள் ஹேஸ்டிங்ஸ் அருகே குன்றொன்றின்மீது அணிவகுத்து நின்றான். காலை முதல் மாலை வரை போர் நிகழ்ந்தது. பொழுது சாயும் வேளையில் ஹரல்ட் வீழ்ந்தான். ஏறத்தாழ 70 மீற்றர் நீளமுள்ள துணியில் தைக்கப்பட்ட அப்போர்க்காட்சிகள், சிறுவன் ரிச்சர்ட் மொழி கற்கச் சென்ற அதே பேயோவின் பெயரால் இன்று வழங்குகின்றன.

1066 நத்தார் தினத்தன்று வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் வில்லியத்துக்கு முடிசூட்டு விழா. இவனை அரசனாக ஏற்கின்றீர்களா என யோர்க் பேராயர் ஆங்கிலத்தில் வினவினார். நோர்மானிய ஆயர் ஒருவர் அதனையே பிரெஞ்சில் வினவினார். உள்ளே இருந்தோர் இரு மொழிகளிலும் ஆரவாரித்தனர். வெளியே காவல் நின்ற நோர்மானிய வீரருக்கு அந்நியக் குரல்களின் முழக்கம் கலகம் போலத் தோன்றியது. அவர்கள் அயலிலிருந்த வீடுகளுக்குத் தீ வைத்தனர். புகை கண்ட மக்கள் வெளியே ஓட, குருமார் சிலரே எஞ்சி நின்று சடங்கை நிறைவேற்றினர். வில்லியம் உடல் நடுங்க அமர்ந்திருந்தான் என்பது வரலாறு. ஒருவர் பேச்சை மற்றவர் அறியாத நாட்டில் அரசனின் முதல் நாள் இவ்வாறு கழிந்தது.

மண்ணும் மக்களும்

தொடக்கத்தில் வில்லியம் பழைய முறைகளை முற்றாகக் குலைக்க முற்படவில்லை. 1067ஆம் ஆண்டளவில் இலண்டன் நகர மக்களுக்கு அவன் வழங்கிய சிறிய சாசனம் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டது. எட்வேர்ட் காலத்து உரிமைகள் தொடரும் என்றும், ஒவ்வொரு பிள்ளையும் தந்தைக்கு உரிய வாரிசாக விளங்கும் என்றும் அது உறுதி கூறியது. சில வரிகளே கொண்ட அத்தோற்சுவடி இன்றும் இலண்டனிற் பேணப்படுகின்றது. ஆங்கிலம் கற்பதற்கும் அவன் முயன்றான். நாற்பது வயதைக் கடந்தபின், குடிகளின் முறைப்பாடுகளை மொழிபெயர்ப்பாளரின்றித் தானே கேட்டறிய வேண்டி அதனைத் தொடங்கினான். ஆனால் வயதும் ஓயாத அலுவல்களும் இடங்கொடுக்கவில்லை.

அந்நல்லெண்ணம் கலகங்களோடு மறைந்தது. 1069ஆம் ஆண்டில் வடபகுதி கிளர்ந்தெழுந்தபோது, அவ்வாண்டுக் குளிர்காலத்தில் வில்லியத்தின் படை யோர்க் சூழ்ந்த நாட்டை எரித்தது. விதைநெல், கால்நடை, கலப்பை யாவும் சாம்பலாயின. ஆயிரமாயிரம் மக்கள் பட்டினியால் மாண்டனர். பதினேழு ஆண்டுகளின் பின் எடுக்கப்பட்ட நிலக் கணக்கிலும் அங்கு ஊருக்கு ஊர் பாழ் என்றே குறிக்கப்பட்டுள்ளது.

இதன்பின் நாட்டின் மேல்தட்டு முழுவதும் மாற்றப்பட்டது. ஆங்கிலப் பிரபுக்களின் நிலங்கள் பறிக்கப்பட்டு நோர்மானியருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. 1070ஆம் ஆண்டில் கன்ரபரிப் பேராயர் ஸ்டிகன்ட் நீக்கப்பட்டு, இத்தாலியிற் பிறந்து நோர்மண்டியில் மடத்தலைவராக இருந்த லான்பிராங் அவ்விடத்தைப் பெற்றார். ஊர்தோறும் கோட்டைகள் எழுந்தன. நோர்மண்டியிலிருந்து கொணர்ந்த கல்லும் சேர்த்துக் கட்டப்பட்ட இலண்டன் வெள்ளைக் கோபுரம் அவற்றுட் புகழ்பெற்றது. அரச ஆணைகளிலிருந்து ஆங்கிலம் நீங்க, இலத்தீன் வந்தது. அரண்மனையிலும் பிரபுக்களின் மன்றங்களிலும் பிரெஞ்சு ஒலித்தது. நோர்மானியன் ஒருவன் கொல்லப்பட்டுக் கொலையாளி பிடிபடாவிடின், அவ்வட்டாரம் முழுவதும் தண்டப் பணம் செலுத்தவேண்டும் என்பது சட்டமாயிற்று.

1085ஆம் ஆண்டு நத்தாரின்போது வில்லியம் நாடளாவிய கணக்கெடுப்பொன்றுக்கு ஆணையிட்டான். எந்த நிலம் எவருக்குரியது, எத்தனை ஏர், எத்தனை ஆலை, அதன் பெறுமதி என்ன என்று அதிகாரிகள் ஊர் ஊராக விசாரித்தனர். 13,000க்கு மேற்பட்ட ஊர்கள் பதிவாயின. ஒரு மாடும் ஒரு பன்றியும் தப்பவில்லை எனத் துறவி ஒருவர் ஆங்கிலத்திற் குறிப்பெழுதி வருந்தினார். அக்கணக்கிலிருந்து எவரும் தப்பமுடியாமையால் மக்கள் அதற்கு இறுதித் தீர்ப்பு நாளின் பெயரைச் சூட்டி டூம்ஸ்டே நூல் என்றனர். பெருநிலக்காரருள் ஆங்கிலேயர் அரிதாகவே எஞ்சியிருந்தமையை அந்நூல் காட்டுகின்றது. அடிமைகளாக இருந்தோரையும் அது எண்ணிப் பதிந்தது. அடுத்த நூற்றாண்டில் அவ்வழக்கம் இந்நாட்டில் மங்கி மறைந்தது என்பதையும் நேர்மையோடு குறிப்பிடல் வேண்டும்.

ஒரு சிறுவனின் பயணம்

அரசனின் கணக்கில் அடங்காத துயரங்களும் உண்டு. 1075ஆம் ஆண்டில் ஷ்ரூஸ்பரிக்கு அருகே, பிரெஞ்சுத் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் ஒரு பிள்ளை பிறந்தது. ஓர்டெரிக் என ஆங்கிலப் பெயர் இட்டனர். பத்து வயதில் தந்தை அவனை நோர்மண்டியிலுள்ள ஒரு மடத்துக்கு அனுப்பினார். அழுதுகொண்டே பிரிந்த தந்தையை அவன் மீண்டும் காணவேயில்லை. எகிப்துக்குச் சென்ற யோசேப்பைப் போலத் தனக்குப் புரியாத மொழியைக் கேட்டு நின்றதை முதுமையிலும் அவர் மறவாது எழுதினார். அவருடைய பெயர் நோர்மானியர் செவிக்குக் கரடுமுரடாக ஒலித்தமையால் மடத்தினர் விற்றாலிஸ் என வேறு பெயர் சூட்டினர். ஆனால் அவர் தம்மை ஆங்கிலேயர் என்றே இறுதிவரை கூறிக்கொண்டார். வில்லியத்தைப் பற்றி நாம் அறிந்தவற்றுட் பல, அவன் ஆங்கிலம் கற்க முயன்ற செய்தி உட்பட, இவர் எழுதிய வரலாற்றினால் வந்தவை. வேந்தனின் ஆற்றலைப் போற்றிய அவர், வடநாட்டுப் பேரழிவை மட்டும் எவ்விதத்திலும் மன்னிக்கவில்லை. பெயர் மாறியும் ஊர் மாறியும் நினைவு மாறாத ஒருவர் எழுதிய நூல் அது.

வேந்தனின் முடிவு

1087ஆம் ஆண்டில் மாந்த் என்னும் பிரெஞ்சு நகரைத் தீக்கிரையாக்கியபோது வில்லியம் நோயுற்று, செப்டெம்பர் 9ஆம் நாள் ருவானில் உயிர்நீத்தான். பிரபுக்கள் தத்தம் சொத்துக்களைக் காக்க விரைந்தனர். பணியாளர் அறையிலிருந்த பொருள்களை அள்ளிச் சென்றனர். கிராமத்து வீரன் ஒருவன் தன் செலவில் உடலைக் கான் நகருக்குக் கொண்டுசென்றான். அடக்கம் செய்யும் வேளையில் அசெலின் என்னும் ஒருவன் எழுந்து, அவ்விடம் தன் தந்தையினுடைய வீட்டுநிலம் என்றும், வில்லியம் அதனை வலிந்து பறித்தான் என்றும் முறையிட்டான். அயலார் அது மெய்யே என்றனர். அவ்விடத்திலேயே பணம் கொடுத்தபின்னரே அரசனுக்கு ஆறடி நிலம் கிடைத்தது. அக்கல்லறையும் 1562ஆம் ஆண்டுச் சமயக் கலகத்தில் உடைக்கப்பட்டது. இன்று எஞ்சியிருப்பது ஒரு தொடை எலும்பு என்பர்.

மொழியின் மீட்சி

வில்லியம் மறைந்தான், அவன் அமைத்த ஒழுங்கு நிலைத்தது. அவன் இளைய மகன் முதலாம் ஹென்றி 1100ஆம் ஆண்டில் பழைய ஆங்கில அரச குலத்தில் வந்த எடித்தை மணந்தபோது, நோர்மானியப் பிரபுக்கள் இருவருக்கும் பட்டிக்காட்டு ஆங்கிலப் பெயர்களைச் சூட்டி நகைத்தனர். அவளும் எடித் என்னும் தன் பெயரை விடுத்து மற்றில்டா ஆனாள். குடியானவரோ தம் பிள்ளைகளுக்கு வில்லியம், ரொபேர்ட், ரிச்சர்ட் என வென்றவரின் பெயர்களை இடத் தொடங்கினர்.

ஆயினும் வில்லியம் எனப் பெயரிட்ட பிள்ளையைத் தாய் ஆங்கிலத்திலேயே அழைத்தாள். உழவு, சமையல், சந்தை, தாலாட்டு யாவும் ஆங்கிலத்தில் நிகழ்ந்தன. பிரபுவின் குழந்தைக்குப் பாலூட்டிய செவிலியும் ஆங்கிலத்தையே பேசினாள். 1170களில் திறைசேரி அதிகாரி ஒருவர் எழுதிய நூலில், கலப்பு மணங்களினால் சுதந்திரக் குடிகளுள் ஆங்கிலேயர் யார், நோர்மானியர் யார் எனப் பிரித்தறிய இயலவில்லை எனக் குறிப்பிட்டார். 1204ஆம் ஆண்டில் ஜோன் மன்னன் நோர்மண்டியை இழந்ததும், இங்கிருந்த பிரபுக்களுக்குக் கடலுக்கப்பாலிருந்த தாயகத் தொடர்பு தளர்ந்தது.

இதற்கிடையில் ஆங்கிலமும் பெரிதும் மாறியது. பெயர்ச்சொற்களின் விகுதிகள் உதிர்ந்தன. இது நோர்மானியர் வருமுன்னரே தொடங்கிய மாற்றமாயினும், ஏட்டு வழக்கின் கட்டுப்பாடு நீங்கியபோது எழுத்திலும் விரைந்து வெளிப்பட்டது. ஆயிரக்கணக்கான பிரெஞ்சுச் சொற்கள் புகுந்தன. கவர்ண்மென்ட், பார்லிமென்ட், ஜட்ஜ், பிரிசன் என ஆட்சியையும் நீதியையும் குறிப்பவை பல பிரெஞ்சின் வழி வந்தவை. மதர், பிரதர், பிரெட், வோட்டர் என இல்லத்துக்குரியவை பழைய ஆங்கிலமாகவே நிலைத்தன. தொழுவத்தில் ஷீப் என ஆங்கிலப் பெயர் கொண்ட விலங்கு, மேசைக்கு வரும்போது மட்டன் எனப் பிரெஞ்சுப் பெயர் பெறுவதை வோல்ற்றர் ஸ்கொட் தம் நாவலிற் சுட்டிக்காட்டிப் புகழ்பெறச் செய்தார். நம்மவர் உணவகங்களில் எழுதப்பட்டிருக்கும் மட்டன் என்னும் சொல் நோர்மானியர் விட்டுச்சென்ற எச்சமே.

மீட்சியின் முடிவான கட்டம் பள்ளிக்கூடத்தில் நிகழ்ந்தது என்பது ஆசிரியர்களாகிய நமக்கு உவகை தருவது. நெடுங்காலம் இந்நாட்டுப் பிள்ளைகள் இலத்தீன் பாடங்களுக்குப் பிரெஞ்சிலேயே பொருள் சொல்லப் பணிக்கப்பட்டனர். 1348ஆம் ஆண்டில் வந்த கொள்ளைநோயின் பின், ஜோன் கோர்ன்வோல் என்னும் ஆசிரியர் தம் வகுப்பில் ஆங்கிலத்தைப் புகுத்தினார், பிறரும் பின்பற்றினர். 1385ஆம் ஆண்டில் ட்ரெவீசா என்னும் குருவானவர் இதனைப் பதிவு செய்கையில், பிள்ளைகள் இப்போது விரைவாகக் கற்கின்றனர் எனப் பாராட்டினார். அதேவேளை, பிரெஞ்சைப் பற்றி அவர்களுடைய இடது குதிகாலுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவே அவர்களுக்கும் தெரியும் என நகைச்சுவையாகக் குறைகூறினார். 1362ஆம் ஆண்டில் வழக்குகளை ஆங்கிலத்தில் நடத்தச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டமே பிரெஞ்சில் எழுதப்பட்டிருந்தமை விந்தை! 1399ஆம் ஆண்டில் நான்காம் ஹென்றி அரியணைக்கு உரிமை கோரியபோது ஆங்கிலத்திலேயே பேசினான்.

நமக்குரிய பாடம்

இன்றும் வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா சட்டமாகும்போது, அரசரின் இசைவு பழைய நோர்மானியப் பிரெஞ்சுச் சொற்றொடராலேயே அறிவிக்கப்படுகின்றது. நாட்டின் மிகவுயர்ந்த மன்றத்தில் அதற்கு இடமுண்டு. ஆனால், இந்நாட்டில் அம்மொழியில் அம்மா என்றழைக்க ஒரு குழந்தைதானும் இல்லை.

பெற்றோர்களே, இவ்வரலாற்றில் நாம் எவரோடு நம்மை ஒப்பிடுவது? ஆட்சியுரிமை இழந்தும் மொழியை விடாத ஆங்கிலக் குடியானவரோடு ஒப்பிடவே மனம் விழையும். தாயகத்தில் வாழும் நம் உறவுகளுக்கு அவ்வொப்புமை பொருந்தலாம். கடல்கடந்து வந்த நமக்கோ, ருவானிற் குடியேறிய வடவரே நெருங்கிய உவமை. அவர்கள் வாளேந்தி வந்தனர். நாம் ஏதிலிகளாய் வந்தோம். எனினும் பிள்ளைகளின் நாவைப் பொறுத்தவரை இரு நிலையும் ஒன்றே. ஆங்கில உழவனின் பிள்ளைக்கு வீடு, வயல், தெரு யாவும் ஒரே மொழியைப் பேசின. நம் பிள்ளைக்கு அம்மொழியைப் பேச எஞ்சியிருப்பது வீடு ஒன்றே.

வார இறுதியிற் சில மணிநேரம் இயங்கும் இத்தமிழ்ப் பள்ளி நமது பேயோ எனலாம். நீள்வாள் வில்லியம் மகனை அங்கு அனுப்பியது நற்செயலே. ஆனால் பேயோவிற் கற்றதை ருவான் வீடுகளிற் பேசுவோர் அருகினர். சில தலைமுறைகளில் அம்மொழி முற்றாக மறைந்தது. பள்ளிக்கு அனுப்புவதோடு கடமை முடிந்ததென எண்ணும் பெற்றோர் இதனை ஒருகணம் சிந்தித்தல் நன்று. பிள்ளைகள் ஆங்கிலச் சொற்களைக் கலந்து பேசுகின்றனரே என மிகவும் கலங்க வேண்டியதில்லை; ஆயிரமாயிரம் சொற்களைக் கடன்வாங்கியும் ஆங்கிலம் அழியவில்லை என்பதைக் கண்டோம். பேச்சே நின்றுவிடுவதுதான் அஞ்சத்தக்கது. எழுத்தையும் இலக்கணத்தையும் ஆசிரியர்களாகிய நாங்கள் கற்பிப்போம். அவை உயிர்பெறுவது வகுப்பு முடிந்து பிள்ளைகள் வீடு திரும்பியபின், இரவு உணவு மேசையில் நீங்கள் கேட்கும் கேள்விக்கு அவர்கள் தமிழில் விடை கூறும்போதுதான்.